கல்யாணத்துக்கு எழுதிக் கொடுத்தவர்கள்

அந்தப் படிவத்தை எழுதியது நான்தான். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் பர்சனல் ஆபீசில் சேர்ந்த இரண்டாவது மாதம் எழுதினேன். ஒரு பக்கம், ஐந்து வரி. மேலே பெயர், டோக்கன் நம்பர், பிரிவு. நடுவில், ‘எனக்குத் திருமணம் நிச்சயமாகியிருப்பதால் என் பணியிலிருந்து மனநிறைவுடன் விலகிக்கொள்கிறேன்.’ கீழே கையெழுத்து.

அதற்கு முன்னால், கல்யாணம் நிச்சயமான ஒவ்வொரு பெண்ணும் வெள்ளைத்தாள் தேடி, நன்றாக எழுதக்கூடிய யாரையாவது பிடித்து, இரண்டு முறை அடித்துத் திருத்தி, ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தை அதில் தொலைத்துக்கொண்டிருந்தாள். நான் அச்சடித்து வைத்ததும் அது இரண்டு நிமிட வேலையாகிவிட்டது. “பேப்பர்ல இருந்து வந்தவங்கன்னா சும்மாவா?” என்று பர்சனல் மேனேஜர் பாராட்டினார். பெண்களும் சந்தோஷப்பட்டார்கள். மகளிரியலில் எம்.ஏ. படித்துவிட்டு வந்தவள் நான். அந்தப் படிவம் என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

கம்பெனிக்கு வருவதற்கு முன் ஐந்து வருடம் வேலூரில் ஒரு தினசரியில் இருந்தேன். முதலில் பிழை திருத்துபவள், பிறகு உதவி ஆசிரியர். மகளிரியல் பக்கம் நான் திரும்பியதற்கு எந்தப் புத்தகமும் காரணமில்லை, ஒரு விபத்துச் செய்திதான் காரணம். மொபெட்டில் போன கணவன் மனைவி மீது லாரி மோதியது. நிருபர் அனுப்பிய தலைப்பு: ‘ஆசிரியர் பலி, மனைவியும் சாவு.’ செய்தியின் கடைசி வரிக்கு வந்தபோதுதான் அந்த மனைவி அதே பள்ளியின் தலைமை ஆசிரியை என்று தெரிந்தது. செத்துப்போனவர்களில் பெரிய பதவியில் இருந்தவர் அவர். தலைப்பில் அவருக்குக் கிடைத்தது ‘மனைவியும்’. நான் தலைப்பை மாற்றினேன். மேலே இருந்தவர் நீளம் அதிகம் என்று பழையபடியே ஆக்கினார். அவர் கெட்டவர் இல்லை. எழுத்துகளை எண்ணிப் பார்த்தார், என் தலைப்பு உண்மையிலேயே நீளம்தான். ஆனால் இடம் போதாதபோது எந்தச் சொல் முதலில் வெட்டப்படுகிறது என்பதை அன்றிலிருந்து கவனிக்கத் தொடங்கினேன். அந்தக் கவனிப்புக்கு ஒரு படிப்பு இருக்கிறது என்று தெரிந்ததும் தபால் வழியில் சேர்ந்தேன்.

கம்பெனியில் என்னை எடுத்ததற்குக் காரணம் வெளிநாட்டு பையர்கள், அதாவது எங்கள் சரக்கை வாங்கும் கம்பெனிகள். பெண் தொழிலாளர் நலனுக்கு ஓர் ஆள் உண்டா என்று அவர்களுடைய சரிபார்ப்புப் பட்டியலில் ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தில் டிக் அடிக்க நான் தேவைப்பட்டேன். இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. உள்ளே போகும் வாசல் எதுவாக இருந்தால் என்ன?

அங்கே தயாரானது ஷூவின் மேல்பாகம் மட்டும். தொழிலில் அப்பர் என்பார்கள். தோலை வெட்டுவது ஆண்கள். வெட்டிய துண்டின் ஓரத்தைச் சீவி மெல்லிசாக்குவது ஸ்கைவிங். அதன் பிறகு ஒட்டுவதும் தைப்பதும் பெரும்பாலும் பெண்கள். ஒவ்வொரு தையல் லைனிலும் வரிசையாகக் குனிந்த முதுகுகள். அந்த வரிசையில் நிமிர்ந்து நிற்பவர் ஒருவர்தான், லைன் சூப்பர்வைசர். எல்லா லைனிலும் அவர் ஆண்.

சேர்ந்த புதிதில் ஆர்வத்தோடு ஒரு வகுப்பு எடுத்தேன். கேண்டீனில் கரும்பலகை வைத்து நடுவில் கோடு போட்டேன். ஒரு பக்கம் இயற்கை தந்தது, மறுபக்கம் ஊர் தந்தது. பிள்ளை பெறுவது இந்தப் பக்கம், பிள்ளைக்குச் சோறூட்டுவது அந்தப் பக்கம் என்று விளக்கிக்கொண்டே போனேன். பின் வரிசையில் இருந்து ஒரு கை உயர்ந்தது.

“மேடம், இதுக்கு அப்பால டீ டைம் தனியா உண்டா, இல்ல இதான் டீ டைமா?”

எல்லோரும் சிரித்தார்கள். அது டீ நேரம்தான். நான்தான் அந்த நேரத்தைக் கேட்டு வாங்கியிருந்தேன். ஆண்கள் பீடிக்கு என்று நடுநடுவே வெளியே போய் வருவார்கள். பெண்கள் பாத்ரூம் போவதற்கே அந்தப் பத்து நிமிடம்தான். பெண்களின் நிலை பற்றிப் பேச அவர்களுடைய பாத்ரூம் நேரத்தை எடுத்துக்கொண்டிருந்தேன். பலகையைத் துடைத்துவிட்டு வகுப்பை முடித்தேன். அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியில் ‘பாலினம்’ என்ற சொல்லை நான் உரக்கச் சொன்னதில்லை. சொல்லாமலே வேலை நடந்தது.

கை தூக்கியவர் போஸ்ட் மிஷின்காரர். சாதாரணத் தையல் மிஷினுக்குத் தட்டையான மேசை இருக்கும். போஸ்ட் மிஷினில் ஊசிக்குக் கீழே ஒரு தூண்தான் நிற்கும். ஷூவின் வளைவுகளை அதில்தான் தைக்க முடியும். கை தேர்ந்தவர்களைத்தான் அங்கே உட்கார வைப்பார்கள். இவர் ஒடுகத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, மாதனூர் அருகே வாழ்க்கைப்பட்டவர். வயது முப்பத்திரண்டு இருக்கும். வாய் ஜாஸ்தி என்று சூப்பர்வைசர்கள் சொல்வார்கள். லைனில் எந்த மிஷின் மக்கர் செய்தாலும் மெக்கானிக்குக்கு முன்னால் இவரைத்தான் கூப்பிடுவார்கள் என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

இரண்டாயிரத்து மூன்றில் கம்பெனி இரண்டாவது யூனிட் கட்டியது. அங்கே போக வேண்டிய சூப்பர்வைசர்களைப் பழைய யூனிட்டிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு தையல் லைன் இடம் மிஞ்சியது. அதைத் தொழிலாளர்களில் ஒருவருக்குத் தருவது, அதுவும் சீனியாரிட்டிப்படி தருவது என்று பேக்டரி மேனேஜர் சொன்னார். பட்டியல் தயாரிப்பது என் வேலை. டோக்கன் நம்பரின் வரிசைதான் சீனியாரிட்டி. நம்பர் சின்னதாக இருந்தால் பழைய ஆள். ஒரே நாளில் தட்டச்சு செய்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் போஸ்ட் மிஷின்காரர் என் மேசைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன்.

“வேணாம் மேடம், உக்காந்து உக்காந்துதான் பேஜாரே. என் பேரு லிஸ்ட்ல எங்க கீது?”

இரண்டாம் பக்கத்தின் கீழே இருந்தது. காட்டினேன்.

“இன்னா மேடம் இது? எனக்கு மேல கீறானே, அவனுக்கு ஊசில நூலு கோக்கவே நான்தான் சொல்லிக் குடுத்தேன். கேண்டீனுக்குக் கூரை போடாதப்பவே நான் இங்க வந்துட்டேன். குடை புடிச்சிக்கினு சாப்ட்ருக்கேன்.”

“உங்க டோக்கன் நாலு வருஷம்தான் காட்டுது.”

“அது இந்த டோக்கன். இதுக்கு முன்னாடி ரெண்டு டோக்கன் கெடந்துச்சே.”

அதை அவர் சாதாரணமாகச் சொன்னார். நானும் சாதாரணமாகத்தான் கேட்டேன். கல்யாணத்துக்கு ஒரு முறை எழுதிக் கொடுத்திருக்கிறார், முதல் குழந்தைக்கு ஒரு முறை. இரண்டு முறையும் சில மாதங்களில் திரும்பி வந்து புதிய ஆளாகச் சேர்ந்திருக்கிறார். அங்கே எல்லாப் பெண்களும் அப்படித்தான். அது ஒரு வழக்கம், அதற்குப் பெயரே ‘எழுதிக் கொடுப்பது’. நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம் ‘பொண்ணு வேலையை விட்டுடுச்சு’ என்று சொல்வது மரியாதை. பி.எஃப். பணத்தை எடுத்துக் கல்யாணச் செலவுக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது இன்னொரு வசதி. கடைசி நாளில் லைனில் எல்லோரும் சேர்ந்து எவர்சில்வர் குடம் வாங்கித் தருவார்கள், அவளுடைய மிஷினுக்கு மல்லிகைச் சரம் சுற்றுவார்கள். ஐந்தாறு மாதம் கழித்து அதே மாப்பிள்ளை வீட்டாரே, ‘சும்மாதானே இருக்கே, கம்பெனிக்குப் போயேன்’ என்று அனுப்பி வைப்பார்கள். அவள் வந்து புது நம்பர் வாங்கிக்கொண்டு அதே மிஷினில் உட்காருவாள்.

“அந்த இடம் எனக்கு வேணும் மேடம்,” என்றார். “பெருமைக்குக் கேக்கல. கழுத்துலர்ந்து இடுப்பு வரைக்கும் ஒரே நோவு. பெரியாஸ்பத்திரில படம் எடுத்துப் பாத்துட்டு, இன்னும் ரெண்டு வருஷம் இப்பிடியே குனிஞ்சா அப்பால நிமிர முடியாதுன்னுட்டாங்க. சூப்பர்வைசர்னா நடக்கலாம். நடந்தா நான் இன்னும் இருபது வருஷம் வேலை செய்வேன். இல்லாங்காட்டி இத்தோட முடிஞ்சுது.”

சைரன் ஊதியது. அவர் போய்விட்டார்.

பத்திரிகை மேசையில் இருந்தவர்களுக்கு ஒரு பழக்கம் போகாது. ஒரு தகவல் கிடைத்தால் அது ஒருவருக்கு நடந்ததா, எல்லோருக்குமா என்று பார்ப்பது. என் பட்டியலை எடுத்து மறுபடி வாசித்தேன், இந்த முறை பெயர்களாக. பெண்கள் நிறைந்த கம்பெனி. முதல் முப்பது பெயர்களில் இரண்டே பெண்கள். அந்த இருவரையும் எனக்குத் தெரியும். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளாதவர்கள்.

வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பட்டியலே எல்லாவற்றையும் சொல்லியிருந்தது, தட்டச்சு செய்த எனக்குத்தான் கேட்கவில்லை. படிப்பில் நான் கற்றதிலேயே உருப்படியான பாடம் ஒன்று உண்டு. ஒரு விதியில் ஆண், பெண் என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று தேடிப் பயனில்லை, அது யார் மேல் போய் விழுகிறது என்று பார்க்க வேண்டும். ‘டோக்கன் நம்பர் வரிசை’ என்பதைப்போல நடுநிலையான சொல் எதுவும் இல்லை. ஆனால் கல்யாணமானால் ஒரு சாராருக்கு மட்டும் நம்பர் மாறுகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்த பிறகு, வீட்டில் என் கணவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். வேலூரில் ஒரு பள்ளியில் ஆசிரியர். அவரிடம் கேட்டேன்.

“நம்ம கல்யாணத்துக்கு ஸ்கூல்ல என்ன எழுதிக் குடுத்தீங்க?”

“லீவ் லெட்டர்.”

“எத்தனை நாள்?”

“நாலு. மூணாவது நாளே போய்ட்டேன், பரீட்சை இருந்துச்சு. ஸ்டாஃப்லாம் சேர்ந்து கடிகாரம் குடுத்தாங்களே, மறந்துட்டியா?” என்று சுவரைப் பேனாவால் காட்டினார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். “நீ என்ன எழுதிக் குடுத்தே?”

நான் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை. பத்திரிகையில் அப்படி ஒரு விதி இல்லை. மாப்பிள்ளை வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானே எழுதினேன், நல்ல தமிழில் எழுதினேன். ‘எனக்குத் திருமணம் நிச்சயமாகியிருப்பதால் என் பணியிலிருந்து மனநிறைவுடன் விலகிக்கொள்கிறேன்.’ ஆசிரியர் படித்துவிட்டு ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. அது எனக்குப் பெரிய பாராட்டாக இருந்தது. அதே வாக்கியத்தைத்தான் பிறகு கம்பெனியில் படிவமாக அச்சடித்தேன். மூன்றாம் செமஸ்டரில் ‘பெண்ணும் உழைப்பும்’ என்ற தாளில் முதல் வகுப்பு வாங்கியவள், என் சொந்தக் கடிதத்தை நூறு பிரதி எடுத்து மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன்.

கணவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, “அன்னிக்கு நானாவது கேட்டிருக்கலாம், ஏன் விடறேன்னு,” என்றார்.

“கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியல,” என்றேன். அதுதான் உண்மை.

திங்கட்கிழமை பழைய கோப்புகள் கிடந்த அறையைத் திறக்கச் சொன்னேன். தோலும் பசையும் கலந்த வாடை. திரும்பச் சேருபவர்கள் எழுதிக் கொடுக்கும் விண்ணப்பத்தில், ‘முன்பு இங்கு வேலை செய்ததுண்டா?’ என்று ஒரு கேள்வி இருந்தது. பெண்கள் ஒளிக்காமல் பழைய டோக்கன் நம்பரை எழுதியிருந்தார்கள். அதை யாரும் படித்ததில்லை, அவ்வளவுதான். மூன்று நாள் உட்கார்ந்து இன்னொரு பட்டியல் போட்டேன். ஒவ்வொருவரும் இந்தக் கம்பெனிக்குள் முதன்முதலில் கால் வைத்த தேதி, நடுவில் இல்லாத மாதங்கள், மொத்தம் தைத்த வருடங்கள். போஸ்ட் மிஷின்காரர் இரண்டாம் பக்கத்திலிருந்து நான்காம் இடத்துக்கு வந்தார். பதினொரு வருடம். அவருக்கு மேலே இருந்த மூன்று பேரும் வெட்டும் பிரிவு ஆண்கள், தையல் தெரியாதவர்கள். பழைய பட்டியலில் தையல் பிரிவின் முதல் ஆளாக இருந்தவர், இவர் நூல் கோக்கக் கற்றுக் கொடுத்த அந்த ஆள்தான். அவருக்கு எட்டு வருடம்.

அந்த ஆளின் ஃபைலையும் பார்த்தேன். நடுவில் கல்யாணம் நடந்திருந்தது. ஐந்து நாள் விடுப்புக் கடிதம், அதன் ஓரத்தில் பர்சனல் மேனேஜரின் கையெழுத்தில் ‘வாழ்த்துகள்’.

பர்சனல் மேனேஜர் ரிட்டயர்மென்டை நெருங்கிய மனிதர். இரண்டு பட்டியல்களையும் அந்த விடுப்புக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“ஏம்மா, நாம யாரையும் போகச் சொல்லலையே? அதுங்களா வந்து எழுதிக் குடுத்துட்டுப் போவுதுங்க.”

“ஆமா சார். படிவம்கூட நான்தான் போட்டேன்.”

“அப்புறம்?”

“ஆம்பளைங்க இங்க கல்யாணமே பண்ணலையா சார்? அவங்க ஒருத்தர்கூட எழுதிக் குடுக்கல. அவங்க கேட்டா லீவு கடிதம் எழுதுன்னு நாம சொல்றோம். பொண்ணு கேட்டா படிவத்த எடுத்து நீட்டறோம். லீவுன்னு ஒண்ணு இருக்குன்னே நாம சொன்னதில்ல. நானும் சொன்னதில்ல.”

அவர் ‘வாழ்த்துகள்’ என்று தான் எழுதியிருந்த தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “மேல சொல்லிப் பாரு. நான் குறுக்க நிக்கமாட்டேன்,” என்றார். அவரிடமிருந்து அது பெரிய வார்த்தை.

பேக்டரி மேனேஜரிடம் நியாயம் பேசப் போகவில்லை. அவருக்கு நேரம் கிடையாது, உற்பத்திதான் உண்டு. புது யூனிட்டின் முதல் ஆர்டர் முழுக்கப் போஸ்ட் மிஷின் வேலை என்பதை ஆர்டர் தாளிலேயே காட்டினேன். பிறகு இரண்டு பட்டியல்களைக் காட்டினேன். உங்களிடம் பதினொரு வருடம் வேலை தெரிந்த ஆள் இருக்கிறார், உங்கள் பட்டியல் அவரை நாலு வருடம் என்கிறது, தப்பான தகவலை வைத்து ஆள் எடுக்கப் போகிறீர்கள் என்றேன். தப்பான தகவல் என்றதும் அவர் நிமிர்ந்தார்.

“பழைய சர்வீசையெல்லாம் சேர்த்துக் குடுக்க முடியாது மேடம். அதைக் கேக்காதீங்க. இந்த ஒரு போஸ்டுக்கு மட்டும் எக்ஸ்பீரியன்ஸ்னு எடுத்துக்கலாம். ரெண்டு லிஸ்ட்லயும் தையல்ல முதல்ல இருக்கறவங்கள வெள்ளிக்கிழமை கூப்பிடுங்க.”

கேட்டதில் பாதி. வாங்கிக்கொண்டு வந்தேன்.

போஸ்ட் மிஷின்காரர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முகத்தைச் சுளித்தார். “எழுதிக் குடுத்தது நான்தானே மேடம்? கைநாட்டு கூட இல்ல, கையெழுத்து. இப்ப போயி நான் வேலைய உடலன்னு எப்பிடிச் சொல்றது? பொய்யில்ல?”

“விடலன்னு சொல்ல வேணாம். எத்தனை வருஷம் தைச்சீங்கன்னு கேப்பாங்க. அதை மட்டும் சொல்லுங்க.”

“அது சொல்வேன். அதுல இன்னா, என் முதுகே சொல்லும்.”

வெள்ளிக்கிழமை மத்தியானம், மேனேஜர் அறை. மேனேஜர், பர்சனல் மேனேஜர், குறிப்பெடுக்க நான். முதலில் வந்தவர் அந்த எட்டு வருட ஆள். மரியாதையான மனிதர், லைனில் எல்லோருக்கும் பிடித்தவர். மேனேஜர் மேசையில் இருந்த ஒரு அப்பரை அவர் கையில் கொடுத்தார். கால் நுழையும் வாயின் ஓரத்தில் தோல் சுருங்கியிருந்தது. “தையல் இழுத்திருக்கு சார். பிரிச்சுத் திரும்பத் தைக்கச் சொல்வேன்,” என்றார். இன்னும் சில கேள்விகள். வணங்கிவிட்டுப் போனார்.

அடுத்து இவர். அதே அப்பர். விரல்களுக்கு நடுவே வைத்து ஓரத்தை உருட்டிப் பார்த்தார்.

“தையல் மேல தப்பில்ல சார். ஓரம் கனமா கீது. ஸ்கைவிங்ல சரியா சீவாம உட்டுட்டாங்க. அத மடிச்சா சுருங்காம இன்னா செய்யும்? பிரிச்சுத் தைச்சா ஊசி ஓட்டை ரெட்டையா உழும், தோலே வீண். லைன்ல கத்திப் பிரயோஜனமில்ல. ஸ்கைவிங்ல போய் கத்தணும்.”

மேனேஜர் அப்பரை வாங்கித் தன் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, “எத்தினி வருஷமா தைக்கிறே?” என்றார்.

“பதினொண்ணு சார். நடுவுல ரெண்டு தபா ஊட்ல இருந்தேன். அத நீங்க கழிக்க வேணாம், நான் கழிச்சுட்டுதான் சொல்றேன்.”

“சரி, ஷிப்மென்ட் டைம்ல லேட்டாகும். ஊட்ல உடுவாங்களா? புருஷன் ஒத்துக்குவாரா? கொழந்தைங்கள யாரு பாத்துப்பாங்க?”

குறிப்பெடுப்பதை நிறுத்தினேன். “சார், இந்தக் கேள்விய முதல்ல வந்தவர்கிட்ட கேக்கல. எனக்கு ரெண்டு பேர் பதிலும் எழுதணும். அவரையும் கூப்பிட்டுக் கேட்டுடலாமா?”

மேனேஜர் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். நான் பேனாவைத் தாளின் மேலேயே வைத்திருந்தேன். மணியை அடித்து அவரைக் கூப்பிட்டார். அவர் வந்து நின்றதும் அதே கேள்வி, ‘புருஷன்’ என்பது ‘பொண்டாட்டி’ ஆனதைத் தவிர அதே வார்த்தைகளில்.

அந்த மனிதர் குழம்பிப் போனார். “லேட்டாவா சார்? டெய்லியா? எங்க ஊட்ல கேட்டுட்டுதான் சார் சொல்லணும். அவளும் வேற கம்பெனில கீறா. அவ வர்றதுக்குள்ள நான் போயிதான் புள்ளைங்களுக்குச் சோறு வெக்கிறேன்.”

பர்சனல் மேனேஜருக்குச் சிரிப்பு வந்து இருமலாக்கிக்கொண்டார். போஸ்ட் மிஷின்காரர் அடக்கவே இல்லை. “இன்னாடா, நீ சோறு வெக்கிறியா? லைன்ல சொல்லவேயில்ல!” என்றார். “அய்ய, கம்முனு இரு அக்கா, மேனேஜர் கீறாரு,” என்றார் அவர், காது சிவந்துபோய்.

“உன் பதில் சொல்லும்மா,” என்றார் மேனேஜர்.

“என் பஸ்ஸு ஏழரைக்கு சார். அதுக்கு மேல ஆச்சுன்னா கம்பெனி வேன் உடணும். வேன் உட்டா இருப்பேன். உடலன்னா நான் மட்டுமில்ல, லைன்ல ஒருத்தியும் இருக்க முடியாது. அப்ப சூப்பர்வைசர் மட்டும் இருந்து இன்னா பண்றது, மிஷினுக்குக் காவலா?”

மேனேஜர் அதைத் தானே ஒரு தாளில் குறித்துக்கொண்டார். என்ன எழுதினார் என்று பிறகு பார்த்தேன். ‘வேன்’ என்ற ஒரு சொல்தான். அந்த ஒரு சொல்லில் முடிவு தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை நோட்டீஸ் போர்டில் அவர் பெயர் இருந்தது. தோற்ற மனிதர் என் மேசைக்கு வந்து நின்றார். கோபமாக இருப்பார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்சம் இருந்தது. “எனக்கும்தான் புள்ளைங்க கீறாங்க மேடம். எட்டு வருஷம், நான்தான் அடுத்ததுன்னு எல்லாரும் சொன்னாங்க,” என்றார். நான் பட்டியலை எடுத்துக் காட்டினேன். விரலால் தேடிக் கண்டுபிடித்தார். “அக்காவுக்குப் பதினொண்ணா?” என்றார். “நாங்கல்லாம் அக்காவ புது டோக்கன்னே கலாய்ப்போம்.” அவருக்கு நான் தர வேறு எதுவும் இல்லை. இழந்தது அவருக்கு உண்மையான இழப்பு. அதை நியாயம் என்று சொல்லி நான் சின்னதாக்கவில்லை.

அதே வாரம் இழுப்பறையிலிருந்த படிவங்களைக் கிழித்தேன். புதிதாக ஒன்று எழுதினேன், இந்த முறை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே: ‘திருமண விடுப்பு விண்ணப்பம்.’ மனநிறைவு பற்றி அதில் எதுவும் இல்லை. போகும் தேதி, திரும்பும் தேதி, அவ்வளவுதான். இதில் ஒரு நஷ்டமும் இருந்தது. வேலையை விடாவிட்டால் பி.எஃப். பணம் முழுதாக வராது. முன்பணம் எடுக்கத் தேவையான ஏழு வருடம் ஆகாத பெண்களுக்குக் கல்யாண நேரத்தில் அது கைக்குக் கிடைக்காமல் போயிற்று. சிலர் என்னைத் திட்டினார்கள். எது எப்படி என்று இரண்டு பக்கத்தையும் எழுதி ஒட்டினேன். முடிவை அவர்களிடம் விட்டேன்.

இரண்டு மாதம் கழித்துப் புது யூனிட்டுக்கு ஒரு வேலையாகப் போயிருந்தேன். சூப்பர்வைசர் அக்கா லைனின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார். நடை இன்னும் கொஞ்சம் சாய்வுதான், ஆனால் நடந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு பெண் மிஷினை விட்டு எழுந்து வந்தாள். இருபது வயது இருக்கும். கையில் என் விடுப்புப் படிவம்.

“மேடம், எனக்கு இது வேணாம். பழைய ஃபாரம் குடுங்க. அடுத்த வாரம் நிச்சயம், மறுநாளே கல்யாணம். பொண்ணு வேலைய உட்டுட்டான்னு எங்கப்பா அங்க சொல்லிட்டாரு. லீவுன்னு தெரிஞ்சா மாப்ள ஊட்ல இன்னா நெனப்பாங்க?”

ஒரு இடத்துக்காவது விதியைத் தள்ளிவைத்தாயிற்று, படிவத்தை மாற்றிவிட்டேன். நிச்சயதார்த்தத்தில் சொல்லப்படுவதை மாற்ற என் பதவிக்கு அதிகாரம் இல்லை. ஏதோ சொல்லத் தொடங்கினேன். அதற்குள் சூப்பர்வைசர் வந்து அவள் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தார்.

“இதுக்கா அழுவுறே? உட்டுட்டேன்னு அங்க சொல்லிக்கோ. இங்க சொல்லாத.”

“அது பொய்யில்லக்கா?”

“ஆறு மாசம் கழிச்சி அவுங்களே போன்னு அனுப்பப் போறாங்க. நீ பதினஞ்சு நாள்ல வந்துடப் போறே. அதுல இன்னா பொய்யி, கொஞ்சம் சீக்கிரம் வர்றே.”

பெண் என்னைப் பார்த்தாள். தகவலைச் சரிபார்த்து அச்சுக்கு அனுப்பியே பழகியவள் நான், என் பேனாவை அவளிடம் நீட்டினேன். அவள் தாளை மிஷின் மேசையில் வைத்துக் குனிந்து கையெழுத்துப் போட்டாள். பிறகு தேதி எழுத வேண்டிய இடத்தில் பேனாவை நிறுத்தினாள்.

“பதினஞ்சு நாள் போதுமாக்கா?”

“எனக்கு எட்டாவது நாளே போர் அடிச்சிடுச்சு,” என்றார் சூப்பர்வைசர். “போ, போயி மிஷின்ல உக்காரு. பின்னாடி வேலை தேங்கிக் கெடக்குது.”